கோட்டின் கடந்தகாலம் யாரிடம் இருக்கிறது?

சில வருஷங்களுக்கு முன்னால், மருந்துக் கிடங்கு ஒன்றுக்காக ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். குளிர்பெட்டிக்குள் இருக்கும் சென்சார் பத்து விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலையை அனுப்பும். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக வளர்ந்துகொண்டே போகும். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். கோடு 8-ஐத் தாண்டினால் மணி அடிக்கும். அவ்வளவுதான் வேலை.

சென்சார் தரும் எண் கொஞ்சம் துள்ளும். அதைச் சமப்படுத்த, எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்.

புதிய புள்ளி = 0.3 × இப்போதைய அளவு + 0.7 × முந்தைய புள்ளி

இதற்கு 'முந்தைய புள்ளி' ஞாபகத்தில் இருக்க வேண்டும், இல்லையா? பத்து விநாடிக்கு ஒருமுறை கூப்பிடப்படும் ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் முடிந்து போய்விடுகிறது. அதனுள் இருக்கும் மாறிகளும் கூடவே போய்விடும். அதனால் ஃபங்ஷனுக்கு வெளியே 'முந்தையது' என்று ஒரு குளோபல் மாறி வைத்தேன். ஒரு வருஷம் எந்தப் பிரச்சினையும் இல்லை.

பிறகு இரண்டாவது பெட்டி வாங்கினார்கள். அதே ஃபங்ஷனை இரண்டாவது சென்சாருக்கும் கூப்பிட்டேன். இரண்டு கோடுகள் வந்தன. இரண்டு பெட்டியும் 4, 5 டிகிரி என்று பக்கத்துப் பக்கத்தில் இருந்தவரை யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒருநாள் இரண்டாவது பெட்டியின் கம்ப்ரசர் மக்கர் பண்ண, உள்ளே 10 டிகிரி ஆகிவிட்டது. முதல் பெட்டி 4 டிகிரியில் நன்றாக இருந்தது. திரை காட்டியது என்ன தெரியுமா? முதல் பெட்டி 6.5, இரண்டாவது பெட்டி 7.5. மணி அடிக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். முதல் பெட்டியின் புள்ளி, இரண்டாவது பெட்டியின் முந்தைய புள்ளியிலிருந்து 70 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது, முதலாவதிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் 6.47, 7.53 என்று நின்றுவிடும். நல்ல பெட்டி கெட்ட பெட்டிக்கு வெப்பநிலையைக் கடன் கொடுத்து 8-க்குக் கீழேயே வைத்திருந்தது. கதவில் மாட்டியிருந்த சாதாரண வெப்பமானியைத் தற்செயலாகப் பார்த்த ஊழியர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். அந்தப் பெட்டியில் இருந்த சரக்கு முழுவதையும் ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று.

தப்பு முழுக்க என்னுடையது. 'குளோபல் மாறி கெட்டது' என்று கல்லூரியில் படித்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனா மனசு கேட்கவில்லை. நகரும் ஒரு கோட்டின் கடந்தகாலத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி எப்போது தொடங்கியது என்று தேட ஆரம்பித்தேன். அது கணினிக்கு முந்தைய கேள்வியாக இருந்தது.

தாள் ஞாபகம் வைத்திருந்த காலம்

1847-ல் ஜெர்மானிய உடலியல் ஆய்வாளர் கார்ல் லுட்விக், கைமோகிராஃப் என்ற கருவியை உருவாக்கினார். ஒரு உருளை மெதுவாகச் சுற்றும். அதன்மேல் புகைக்கரி படிந்த தாள். ரத்த அழுத்தத்துக்கு ஏற்ப ஒரு முள் மேலும் கீழும் ஆடி, கரியைச் சுரண்டிக் கோடு போடும்.

இதை ஒரு நிரலாளரின் கண்ணோடு பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். முள்ளுக்கு ஞாபகமே கிடையாது. இந்தக் கணத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பழைய அளவுகள் எல்லாம் தாளில் இருக்கின்றன. இரண்டு முள் வைத்தால் இரண்டு தடம். ஒன்றின் கடந்தகாலம் இன்னொன்றில் கலக்க வழியே இல்லை. என் குளிர்பெட்டிக்கு 1847-ன் கருவியை வைத்திருந்தால் மருந்து தப்பித்திருக்கும்!

1897-ல் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் கத்தோடு கதிர்க்குழாயை உருவாக்கினார். ஆசிலோஸ்கோப் அதிலிருந்து வந்தது. இங்கே தாளின் வேலையைத் திரையில் பூசிய பாஸ்பர் எடுத்துக்கொண்டது. எலக்ட்ரான் கற்றை பட்ட இடம், கற்றை நகர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் ஒளிரும். இந்த மிச்ச ஒளிக்கு 'பெர்சிஸ்டன்ஸ்' என்று பெயர். பல வருஷம் கழித்து ஒரு நிரல்மொழியில் இதே வார்த்தையை ஒரு சொற்குறியாகப் பார்க்கப் போகிறோம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்ச ஒளி சீக்கிரம் மங்கிவிடும். போட்ட கோடு போட்டபடியே நிற்கும் சேமிப்புக் குழாய்களை டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960-களில் ஆசிலோஸ்கோப்புக்காகச் செய்தது. அதே நுட்பத்தில் 1972-ல் 4010 என்ற கணினி முனையம் வந்தது. கணினி 'இங்கிருந்து அங்கே கோடு போடு' என்று ஒருமுறை சொன்னால் போதும். பச்சைத் திரை அதை வைத்துக்கொள்ளும். நிரல் மறந்துவிடலாம். நினைவகம் தங்கம் விலை விற்ற காலத்தில் அது பெரிய வரம்.

ஆனால் ஒரு குறை இருந்தது. ஒரு கோட்டை மட்டும் தனியாக அழிக்க முடியாது. அழித்தால் முழுத் திரையும் ஒரு பச்சை மின்னலோடு அழியும். அறிக்கைக்கு வரைபடம் போட அது சரி. விநாடிக்கு விநாடி மாறும் வரைபடத்துக்குச் சரிப்படாது.

மாற்று வழி அதற்கு முன்பே இருந்தது. 1963-ல் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் இவான் சதர்லாந்து செய்த ஸ்கெட்ச்பேட், வரைய வேண்டிய புள்ளிகளின் பட்டியலைக் கணினியின் நினைவகத்தில் வைத்து, திரையில் திரும்பத் திரும்ப வரைந்தது. பட்டியலை மாற்றினால் படம் மாறும். நினைவகம் மலிவானதும் இந்த வழியே வென்றது. அதன் விலை என்னவென்றால், தாளும் பாஸ்பரும் சும்மா செய்துகொண்டிருந்த ஞாபக வேலை நிரலாளர் தலையில் விழுந்தது. கோட்டின் கடந்தகாலம் மாறிகளுக்குள் குடிவந்தது.

'ஓன்': நல்ல எண்ணம், அரைகுறைப் பதில்

மாறிகளின் உலகில் அதற்குள் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. 1960-ல் வெளியான ஆல்கால் 60 அறிக்கை, 'பிளாக்' என்ற அமைப்பை ஒழுங்காக வரையறுத்தது. பிளாக்குக்குள் நுழையும்போது மாறி பிறக்கிறது, வெளியேறும்போது சாகிறது. வெளியே இருப்பவர் அதைத் தொட முடியாது. இன்று நாம் எழுதும் பெரும்பாலான மொழிகள் இந்த ஒழுங்கின் வாரிசுகள்தான்.

ஆனால் சில ஃபங்ஷன்களுக்குப் போனமுறை விட்ட இடம் ஞாபகம் இருக்க வேண்டும். சமவாய்ப்பு எண் தரும் ஃபங்ஷன் ஒரு நல்ல உதாரணம். முந்தைய எண்ணிலிருந்துதான் அடுத்த எண்ணைச் செய்யும். என் வெப்பநிலைக் கோடும் அதே சாதி. இதற்காக ஆல்கால் குழு 'ஓன்' என்ற சொல்லைத் தந்தது. ஒரு மாறியை 'ஓன்' என்று அறிவித்தால், பிளாக்குக்குள் மறுபடி நுழையும்போது போனமுறை விட்ட மதிப்பு அப்படியே இருக்கும்.

அழகான யோசனை. ஆனால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெளிவாக இல்லை. முதலாவது: முதல்முறை நுழையும்போது அதில் என்ன இருக்கும்? 'முந்தையது' என்று கேட்டால், முதல் தடவைக்கு முந்தையது ஏது? இரண்டாவது: அந்த மாறிக்கு எத்தனை பிரதிகள்? ஃபங்ஷன் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டால் எல்லா அழைப்புக்கும் ஒரே 'ஓன்' மாறியா, தனித்தனியா? 1967-ல் டொனால்ட் குனுத், ஆல்கால் 60-ல் மிச்சமிருக்கும் தொல்லைகளைப் பட்டியல் போட்ட கட்டுரையில் 'ஓன்' மாறிகளும் இடம்பிடித்தன.

அடுத்து வந்த மொழிகள் முதல் கேள்வியை ஓரளவு தீர்த்தன. டென்னிஸ் ரிட்சியின் சி மொழியில் ஃபங்ஷனுக்குள் 'ஸ்டாட்டிக்' என்று அறிவித்தால் தொடக்க மதிப்பும் கொடுக்கலாம். ஃபோர்ட்ரான் 77-ல் 'சேவ்' வந்தது. இரண்டாவது கேள்விக்கு இவை சொன்ன பதில் ஒன்றுதான்: ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே பிரதி.

எனக்கு விஷயம் உறைத்த இடம் இதுதான். என் நிரலில் குளோபலுக்குப் பதிலாக 'ஸ்டாட்டிக்' போட்டிருந்தால்? வெளியே வேறு எவரும் தொட முடியாது, பெயர் மோதாது, கோடு மறுபரிசீலனையில் 'சுத்தமா இருக்கு' என்று பாராட்டுகூடக் கிடைத்திருக்கும். திரை அப்போதும் 7.5 என்றுதான் காட்டியிருக்கும்.

நாம் மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். மாறியை யார் பார்க்கலாம் என்பது எல்லை. எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பது ஆயுள். எத்தனை பிரதிகள், ஒவ்வொன்றும் யாருடையது என்பது உரிமை. குளோபலைத் திட்டுபவர்கள் எல்லையைத்தான் திட்டுகிறார்கள். என்னைக் கவிழ்த்தது மூன்றாவது.

ஆஸ்லோவின் பதில், லிஸ்ப்பின் பதில்

மூன்றாவது கேள்விக்கு 1960-களிலேயே இரண்டு பதில்கள் இருந்தன.

ஒன்று நார்வேயிலிருந்து வந்தது. ஆஸ்லோவில் நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டால், கிரிஸ்டன் நிகோர் இருவரும் சிமுலா மொழியைச் செய்துகொண்டிருந்தார்கள். நடைமுறைகளைக் கணினியில் பாவனை செய்து பார்ப்பதுதான் அவர்கள் நோக்கம். துறைமுகத்தில் பத்து கப்பல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தன் நிலை தெரிய வேண்டும். ஆல்காலின் பிளாக் வேலை முடிந்ததும் ஏன் சாக வேண்டும், உயிரோடு இருந்தால் என்ன என்று யோசித்தார்கள். சிமுலா 67-ன் 'கிளாஸ்' அப்படிப் பிறந்தது. கப்பலுக்கு ஒரு பொருள், பொருளுக்கு ஒரு ஞாபகம்.

இன்னொரு பதில் லிஸ்ப் பக்கமிருந்து வந்தது. ஆரம்பகால லிஸ்ப்பில் ஒரு ஃபங்ஷன் தனக்குள் இல்லாத மாறியைத் தேடினால், தன்னை *கூப்பிட்டவரிடம்* தேடும். எழுதப்பட்ட இடத்தில் தேடாது. நகரும் வரைபடத்துக்கு இது எவ்வளவு ஆபத்து என்று பாருங்க: நம் ஃபங்ஷனைக் கூப்பிடுவது நாமில்லை. டைமர் கூப்பிடுகிறது, அல்லது திரையை நிர்வகிக்கும் நிகழ்வுச் சுழல் கூப்பிடுகிறது. அதனிடம் போய் 'முந்தைய புள்ளி எங்கே?' என்று கேட்டால் அதற்கு என்ன தெரியும்? ஃபங்ஷனை வேறொரு இடத்துக்குக் கொடுத்தனுப்பும்போது வரும் இந்தச் சிக்கலுக்கு லிஸ்ப்காரர்கள் 'ஃபனார்க்' என்று பெயரே வைத்திருந்தார்கள்.

1964-ல் பீட்டர் லேண்டின், ஃபங்ஷனையும் அது எழுதப்பட்ட சூழலையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, அதற்கு 'குளோஷர்' என்று பெயரிட்டார். 1975-ல் எம்ஐடியில் ஜெரால்டு சஸ்மனும் கை ஸ்டீலும் ஸ்கீம் என்ற குட்டி மொழியில் அதை மையமாக வைத்தார்கள். ஃபங்ஷன் எங்கே போனாலும் பிறந்த வீட்டின் மாறிகளைக் கூடவே எடுத்துப்போகும். இரண்டு முறை உருவாக்கினால் இரண்டு பொட்டலம், இரண்டு தனி ஞாபகம்.

கார்ல் ஹெவிட்டின் 'ஆக்டர்' கருத்தைப் புரிந்துகொள்ளத்தான் அவர்கள் ஸ்கீமை எழுதத் தொடங்கினார்கள். எழுதி முடித்துப் பார்த்தால் ஆக்டரை உருவாக்கும் நிரல்துண்டும் குளோஷரை உருவாக்கும் நிரல்துண்டும் ஒன்றாகவே இருந்தன. தனக்கென்று ஞாபகம் வைத்துச் செய்தி வாங்கும் ஒன்றும், பிறந்த சூழலைச் சுமக்கும் ஃபங்ஷனும் உள்ளுக்குள் ஒரே சங்கதிதான்.

மூளை அலைகளும் மேட்பிளாட்லிபும்

பதில் இருந்தது, ஆனால் வரைபடம் போடுபவர்கள் கையில் அது வந்துசேர வெகுகாலம் ஆனது. அவர்கள் பெரும்பாலும் மொழி ஆராய்ச்சியாளர்கள் இல்லை. விஞ்ஞானிகள், பொறியாளர்கள்.

1970-களின் இறுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர், மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலே அணிக் கணக்குப் போட மேட்லாப் செய்தார். 1984-ல் அது வணிகப் பொருளானது. மேட்லாபின் ஃபங்ஷன்களுக்குள் ஞாபகம் வைக்க ஒரு சொற்குறி உண்டு: 'பெர்சிஸ்டன்ட்'. பாஸ்பரின் அதே வார்த்தை! அந்த மாறி முதலில் காலி அணியாக இருக்கும். 'காலியா?' என்று சோதித்துவிட்டுத் தொடக்க மதிப்பைப் போடுவது வழக்கம். ஆல்காலின் முதல் கேள்விக்கு நேர்மையான பதில். இரண்டாவது கேள்விக்கோ பழைய பதில்தான், ஃபங்ஷனுக்கு ஒன்று.

மேட்லாபில் எனக்குப் பிடித்தது வேறு. வரைந்த ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கைப்பிடி உண்டு. அதைப் பிடித்துக் கோட்டின் புள்ளிகளை மாற்றலாம். 'யூசர்டேட்டா' என்ற பையில் நாம் விரும்பியதைக் கோட்டோடு சேர்த்துக் கட்டியும் வைக்கலாம். லுட்விக்கின் தாள் மாதிரிதான். ஞாபகம் கோட்டிடமே இருக்கிறது.

2000-களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின் அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த அலைகளைப் பார்க்க மேட்லாபில் ஒரு செயலி எழுதினார். அது பெரிதாகப் பெரிதாக மொழி கைகொடுக்கவில்லை. பைத்தானில் முதலிலிருந்து தொடங்கினார். 2003-ல் மேட்பிளாட்லிப் வெளியானது. 2012-ல், 44 வயதில் அவர் காலமானார். இன்று பைத்தானில் வரைபடம் போடும் யாரும் அவருக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்களே.

மேட்லாபிலிருந்து வருபவர்களுக்காக அவர் 'பைபிளாட்' என்ற முகத்தை வைத்தார். 'கோடு போடு' என்றால் போதும், எந்தப் படத்தில் என்று சொல்ல வேண்டாம். 'இப்போதைய படம்' எது என்று அது தானே நினைவில் வைத்திருக்கும். ஒரு படம் இருக்கும்வரை சொர்க்கம். இரண்டு படம் வந்தால் கோடு தப்பான படத்தில் விழும். மறுபடியும் அதே நோய்தான்.

பைத்தானும் அந்தக் காலத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. 2001 வரை அதில் ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன் எழுதினால் உள்ளே இருப்பதற்கு வெளியே இருப்பதன் மாறி தெரியாது. 2001-ல் 2.1 பதிப்பில் அது விருப்பத் தேர்வாகவும், 2.2-ல் இயல்பாகவும் வந்தது. ஆனால் வாசிக்கலாம், அந்தப் பெயருக்குப் புது மதிப்பு தர முடியாது. 'எண்ணிக்கை = எண்ணிக்கை + 1' என்று எழுதினால், 'இது உள்ளூர் மாறி, இன்னும் மதிப்பே இல்லையே' என்று பைத்தான் சண்டைக்கு வரும். அதனால் எண்ணை ஒரு லிஸ்டுக்குள் போட்டு, லிஸ்டின் உறுப்பை மாற்றும் குறுக்குவழி பரவியது. பழைய அனிமேஷன் நிரல்களில் ஒற்றை உறுப்பு லிஸ்ட் தென்பட்டால் காரணம் இதுதான். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0, 'நான்லோக்கல்' என்ற சொல்லைத் தந்து இதை முடித்துவைத்தது.

2011-ல் மேட்பிளாட்லிப் 1.1 பதிப்பில் அனிமேஷனுக்குத் தனிப் பகுதி வந்தது. அதிலும் ஒரு பொறி உண்டு. அனிமேஷன் பொருளை உருவாக்கிவிட்டு எந்த மாறியிலும் பிடித்து வைக்காவிட்டால், 'யாருக்கும் வேண்டாததுபோல' என்று பைத்தான் அதைக் குப்பையில் தள்ளிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் கோடு அசையாமல் நிற்கும். பிந்தைய பதிப்புகள் எச்சரிக்கை தருகின்றன. கோட்டின் ஞாபகத்தை ஒருவர் வைத்திருக்க வேண்டும், அவரையும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

குளோஷர் வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஒரு சுழற்சிக்குள் நான்கு பெட்டிக்கு நான்கு குளோஷர் செய்தால், பைத்தானில் நான்கும் அந்தச் சுழற்சியின் ஒரே மாறியைத்தான் பிடித்திருக்கும். நான்கு கோடும் கடைசிப் பெட்டியையே காட்டும். ஜாவாஸ்கிரிப்டின் பழைய 'வார்' மாறிக்கும் இதே குணம். 2015-ல் வந்த 'லெட்' சுற்றுக்கு ஒரு தனி மாறி கொடுத்து அதைச் சரிசெய்தது. பொட்டலம் நான்கு கட்டினாலும் உள்ளே இருக்கும் பொருள் ஒன்றா நான்கா என்று பார்த்தாக வேண்டும்.

மறுபடி குளிர்பெட்டிக்கு

நான் செய்த திருத்தம் பத்து வரிகூட இல்லை. 'பெட்டி' என்று ஒரு கிளாஸ். அதற்குள் முந்தைய புள்ளி, கோட்டின் கைப்பிடி, எச்சரிக்கை எல்லை. இரண்டு சென்சாருக்கு இரண்டு பொருள். எச்சரிக்கை மணியை, சமப்படுத்தாத நேரடி அளவோடும் இணைத்தேன். பார்ப்பதற்கு அழகாக இருக்க நான் செய்த சமப்படுத்தலை நம்பி மருந்தின் பாதுகாப்பை விட்டது தனித் தப்பு. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு சோதிக்கும் முறையும் மாறியது. முன்பெல்லாம் ஒரு வரைபடத்தை ஓடவிட்டு, கோடு ஒழுங்காக நகர்கிறதா என்று பார்ப்பேன். இப்போது இரண்டைத் திறக்கிறேன். ஒன்றுக்கு 4, இன்னொன்றுக்கு 10 என்று மாறாத எண்களை அனுப்புகிறேன். இரண்டு கோடும் தன் தன் இடத்தில் நேராக நின்றால் சரி. ஒன்றையொன்று லேசாக இழுத்தாலும் எங்கேயோ ஒரு ஞாபகம் பொதுவில் கிடக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிஷ வேலை. அன்றைக்கே செய்திருக்கலாம்.

திருத்தம் முடிந்ததும் கிடங்குக்காரர்கள், 'இனி கதவில் இருக்கும் வெப்பமானியை எடுத்துவிடலாமா?' என்று கேட்டார்கள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.